ஃபீஸ் ரசீதுகளை எடுத்து மேசையில் வையுங்கள்

கேள்வி: கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 8,40,000 ரூபாய். சொந்த வீடு, கடன் இல்லை. பிஎஃப் மாதம் 4,200 பிடிக்கிறார்கள். எல்ஐசி ஆண்டுக்கு 18,000 கட்டுகிறேன். மகனும் மகளும் ஒரே தனியார் பள்ளியில். 2025-26இல் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். டியூஷன் ஃபீஸ் 46,000, டெவலப்மென்ட் மற்றும் ஸ்மார்ட் கிளாஸ் 15,000, பவுண்டேஷன் கோர்ஸ் 22,000. சேர்க்கும்போது கட்டட நிதி என்று 40,000 ரொக்கமாக வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். இரண்டாம் வகுப்பு படித்த மகனுக்கு டியூஷன் ஃபீஸ் 38,000. இதில் எதற்கெல்லாம் வரிச் சலுகை உண்டு? டொனேஷனை, நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பிரிவில் காட்டலாமா? பள்ளியின் டிரஸ்ட் வருமான வரியே கட்டுவதில்லை என்கிறார்கள், பிறகு ஏன் இத்தனை வசூல்? கேட்டால், "ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் பணம் தருவதில்லை, அதை வேறு எப்படிச் சமாளிப்பது" என்கிறார் ஆபீசில் இருப்பவர். ஃபீஸும் கட்டி, ஊரான் பிள்ளைக்கு வரியும் கட்டுவதா என்று கோபம் வருகிறது. மகனை அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று மனைவி கேட்கிறார்.
– கரூர் வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த படிவம் 16-ஐ, அதாவது சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்றை, முதலில் பார்த்தேன். அதில் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்கள் கைக்குத் திரும்பி வர வேண்டிய பணம்.

சேமிப்பு, ஃபீஸ் போன்றவற்றைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கும் பழைய வரி முறையில் உங்கள் நிறுவனம் உங்களுக்குப் பிடித்தம் செய்திருக்கிறது. பிள்ளைகளின் ஃபீஸ் ரசீதைக் கொடுத்தால் வரி குறையும் என்று நீங்களே பழைய முறையைக் கேட்டு வாங்கியிருப்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 8,40,000 ரூபாயில் நிலையான கழிவு 50,000 போகிறது. பிஎஃப், எல்ஐசி, டியூஷன் ஃபீஸ் போன்றவற்றுக்கான 80சி பிரிவில் அதிகபட்சமாகக் கிடைக்கும் 1,50,000 போகிறது. மிச்சம் 6,40,000. இதற்குப் பழைய முறையில் வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 42,120 ரூபாய். புதிய முறையில் நிலையான கழிவு 75,000. அதன் பிறகு வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 2025-26 நிதியாண்டிலிருந்து தள்ளுபடி போக வரியே இல்லை. அதாவது உங்களுக்குப் பூஜ்யம். ஃபீஸ் ரசீதால் வரி மிச்சமாகிறது என்று நம்பி 42,120 ரூபாயைக் கட்டியிருக்கிறீர்கள்.

பதற வேண்டாம், இதைத் திருத்தலாம். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ரிட்டர்ன் போடும்போது ஆண்டுதோறும் தனக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஜூலை 31க்குள் புதிய முறையில் ரிட்டர்ன் போடுங்கள். பிடித்த தொகை ரீஃபண்டாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். அலுவலகத்திலும் இந்த ஆண்டுக்குப் புதிய முறை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பள்ளி ஃபீஸுக்கு வரிச் சலுகை என்பது நம் நடுத்தரக் குடும்பங்களில் இருபது ஆண்டுப் பழக்கம். சட்டம் மாறியது தெரியாமல் ஜனவரியில் ரசீதைத் தேடி அலைகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

வீட்டுக் கடன் வட்டியும் வாடகைப்படியும் பெரிய தொகையாக உள்ளவர்களுக்குப் பழைய முறை இன்னும் லாபமாக இருக்கலாம். அவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். 80சி-யில் முழுநேரக் கல்விக்கான டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் வரும். பிளே ஸ்கூல், எல்கேஜி கூட இதில் சேரும். ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்குக் காட்டலாம். கணவன், மனைவி இருவரும் வரி கட்டுகிறவர்கள் என்றால் அவரவர் கட்டிய தொகையை அவரவர் காட்டலாம். டெவலப்மென்ட் ஃபீஸும் நன்கொடையும் வராது என்று சட்டமே சொல்கிறது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் இந்தப் பிரிவின் எண் 123. உங்கள் விஷயத்தில் இரண்டு பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸ் 84,000, பிஎஃப் 50,400, எல்ஐசி 18,000 என்று சேர்த்தாலே 1,52,400 ஆகிவிடுகிறது. உச்சவரம்பு அதோடு முடிந்தது. டெவலப்மென்ட் தொகையைச் சேர்க்க வழி இருந்திருந்தாலும் உங்களுக்கு ஒரு பைசா பயன் இருந்திருக்காது.

சரி, வரி முடிந்தது. பெரிய பணம் வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் ரசீதுகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் தலைப்பிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய நகல்களில் டியூஷன் ஃபீஸ் ரசீது பள்ளியின் பெயரில் இருக்கிறது. பவுண்டேஷன் கோர்ஸுக்கான 22,000 ரூபாய் பில் ஒரு கம்பெனியின் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கிறது. இந்த வித்தியாசம் முக்கியமானது. பள்ளிக் கல்விக்கு ஜிஎஸ்டி கிடையாது. பயிற்சி வகுப்புக்கு 18 சதவீதம் உண்டு. உங்கள் மகளின் வகுப்பறையிலேயே, பள்ளி நேரத்திலேயே அது நடந்தாலும், பில்லின்படி அது ஒரு கம்பெனியிடம் நீங்கள் தனியாக வாங்கிய டியூஷன். அப்படியானால் அது உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்க வேண்டும். "வேண்டாம் என்றால் என் மகள் அந்த நேரத்தில் என்ன படிப்பாள்?" என்று எழுத்தில் கேளுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐஐடி அஸ்திவாரம் போடுவதாகச் சொல்லி வாங்கும் இந்தப் பணத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அது கல்வியாளர்கள் பேச வேண்டியது. ரசீது வேறு பெயரில் இருப்பதை மட்டும் நான் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் அந்த 40,000. நன்கொடை என்பது மனமுவந்து கொடுப்பது. கொடுக்காவிட்டால் இடம் இல்லை என்று சொல்லி வாங்கியதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. சேர்க்கைக்காக டிரஸ்ட் வாங்கும் பணம் தன்னார்வ நன்கொடை ஆகாது, அதற்கு வரிவிலக்கும் கிடையாது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே 80ஜி-யில் காட்டாதீர்கள். ரொக்கமாகக் கொடுத்த நன்கொடை 2,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் பிரிவில் எப்படியும் செல்லாது. புதிய வரி முறையில் 80ஜி-யே கிடையாது. தமிழ்நாட்டில் இப்படிச் சேர்க்கைக்குப் பணம் வாங்குவதைத் தடுக்க 1992 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் தடுக்கிறது. வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். உங்கள் 40,000க்கு அது நான்கு லட்சம் வரை போகலாம். அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தேதி, யார் வாங்கினார், கூட யார் இருந்தார்கள் என்று இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பள்ளி வரி கட்டுவதில்லையே என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான தனியார் பள்ளிகளை டிரஸ்டோ சொசைட்டியோதான் நடத்துகிறது. வருமான வரித் துறையில் அறக்கட்டளையாகப் பதிவு செய்துகொண்டு, வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே கல்விக்குச் செலவழித்தால் அவர்களுக்கு வரி இல்லை. மீதி 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். கட்டடம் கட்டுவதும் பஸ் வாங்குவதும் செலவுக் கணக்கில்தான் வரும். இதன் மதிப்பு உங்களுக்குப் புரிய ஒரு கணக்கு: ஒரு பள்ளிக்கு ஆண்டு முடிவில் ஒரு கோடி மிஞ்சுகிறது என்று வையுங்கள். அதுவே ஒரு கம்பெனியாக இருந்தால் சுமார் 25 லட்சம் வரி கட்டியிருக்கும். அந்த 25 லட்சத்தைப் பொதுமக்கள் விட்டுக்கொடுக்கிறோம். நேரடியாக மானியம் வாங்காத பள்ளியும் இந்த வழியில் மக்கள் பணத்தில் நிற்கிறது. பதிலுக்கு நாம் கேட்பது ஒன்றுதான்: மிஞ்சிய பணம் பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டும், யார் வீட்டுக்கும் போகக் கூடாது. கல்வி நிறுவனம் வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரியை வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் 11 நீதிபதிகள் அமர்வில் சொன்னதும் இதைத்தான்.

தணிக்கையாளராகப் பள்ளிக் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். நேர்மையாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் சம்பளத்தை ஒன்றாம் தேதி போட்டுவிட்டு, தாளாளர் தன் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்த கணக்கும் என் மேசைக்கு வந்திருக்கிறது. மிஞ்சியது வெளியே போகும் வழிகளும் எனக்குத் தெரியும். நிலம் அறங்காவலரின் மனைவி பெயரில் இருக்கும், டிரஸ்ட் அவருக்கு ஊர் வாடகையைப் போல் மூன்று மடங்கு கொடுக்கும். யூனிபார்ம் ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கும், அந்தக் கடை மைத்துனருடையது. அறங்காவலர் குடும்பத்துக்கு நியாயமான அளவுக்கு மேல் பலன் போனால் டிரஸ்டின் வரிவிலக்கே ஆபத்தில் மாட்டும். நான் ஒரு முறை இப்படி ஒரு வாடகையைக் கேள்வி கேட்டேன். அடுத்த ஆண்டு அந்தக் கணக்கு என்னிடம் வரவில்லை. அதற்காக வருத்தமில்லை.

இனி ஆர்டிஇ. உங்கள் கோபம் தவறான வாசலில் போய் நிற்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2013-14 முதல் நடக்கிறது. அந்தப் பிள்ளைக்காகப் பள்ளிக்கு அரசு பணம் தருகிறது. அரசு தன் பள்ளியில் ஒரு மாணவருக்குச் செலவழிக்கும் தொகை, அந்தப் பள்ளி வாங்கும் ஃபீஸ், இரண்டில் எது குறைவோ அது. பணம் தாமதமாக வருகிறது என்று பள்ளிகள் சொல்வது உண்மைதான். இரண்டு ஆண்டு பாக்கியை வரவேண்டிய கணக்கில் வைத்திருக்கும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான நிதித் தகராறில் 2025-26இல் கோடையில் தொடங்க வேண்டிய சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். இதில் பள்ளிகளின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த நியாயத்தை வைத்து உங்களிடம் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்க முடியாது. அரசு தர வேண்டிய பாக்கியை அரசிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் மகனின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கூலித் தொழிலாளியின் பிள்ளை உங்கள் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. அந்த வீட்டிலும் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறார்கள். பள்ளிக்குக் கிடைக்கும் வரிவிலக்கில் அவர்கள் பங்கும் இருக்கிறது. ஆபீசில் இருப்பவர் சொன்ன ஒரு வார்த்தையால் நாளைக்கு அந்தப் பிள்ளையை நம் பிள்ளை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினால், அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. வீட்டில் பிள்ளைகள் காதில் விழும்படி இதைப் பேச வேண்டாம் என்று உங்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கோபம் போக வேண்டிய வாசல் இது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. சிபிஎஸ்இ பள்ளிகளும் இதில் அடங்கும். பள்ளி இருக்கும் இடம், வசதிகள், நிர்வாகச் செலவு, வளர்ச்சிக்கான நியாயமான உபரி எல்லாவற்றையும் பள்ளி கொடுக்கும் கணக்கை வைத்தே பார்த்து, மூன்று கல்வியாண்டுகளுக்கு ஆணை போடுகிறார்கள். அதற்கு மேல் வாங்கினால் திருப்பித் தர வேண்டும். சட்டத்தில் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை என்று எழுதியிருக்கிறது. இத்தனை கடுமையான சட்டம் கையில் இருந்தும், தங்கள் பள்ளியின் கட்டண ஆணையைக் கண்ணால் பார்த்த பெற்றோர் மிகக் குறைவு. என்னிடம் வருகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன், அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

நீங்கள் பாருங்கள். பள்ளி அலுவலகத்தில் "2025-26க்கான கட்டண நிர்ணயக் குழுவின் ஆணை நகல் வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். ஆணை கைக்கு வந்ததும் ஆறாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் என்ன தொகை என்று பாருங்கள். அந்த 46,000மே கூடுதலாக இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். டெவலப்மென்ட், ஸ்மார்ட் கிளாஸ் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கியதா என்பதையும் ஆணையை வைத்துத்தான் சொல்ல முடியும். வித்தியாசம் இருந்தால் ரசீது நகல்களோடு கரூர் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். தனியார் பள்ளிகளுக்கென்றே ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். ஒரு நகல் சென்னையில் இருக்கும் குழுவுக்கு. கட்டட நிதி 40,000 பற்றித் தனி மனுவாக எழுதுங்கள், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற பயம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. அது நியாயமான பயம். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது, மனத்தளவில் துன்புறுத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. உங்கள் பள்ளி சிறுபான்மைப் பள்ளியாக இருந்தால் மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஃபீஸ் பாக்கியைக் காட்டி டிசி-யை நிறுத்தி வைக்கக் கூடாது, டிசி-யில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் தனியாகப் போகாதீர்கள். மகளின் வகுப்பிலேயே இன்னும் நான்கு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு ஐந்து கையெழுத்தோடு போங்கள். ஐந்து பிள்ளைகளை ஒரே நேரத்தில் பழிவாங்க யாரும் துணிய மாட்டார்கள்.

கடைசியாக உங்கள் மனைவி கேட்டது. அவர் கேட்டதில் கணக்கு இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடம் தமிழ்நாட்டில் தனியாக இருக்கிறது. அதில் சேர்ந்தவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் மகள் ஆறாம் வகுப்பைத் தனியாரில் முடித்துவிட்டதால் அவளுக்கு இந்த வழி அடைந்துவிட்டது. மகன் இப்போதுதான் மூன்றாம் வகுப்புக்குப் போகிறான். ஆறாம் வகுப்புக்கு முன் முடிவெடுத்தால் போதும், இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது.

ஒதுக்கீட்டுக்காக மட்டும் மாற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு வேலை நாளில் காலை எட்டரை மணிக்கு இருவரும் சேர்ந்து பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போங்கள். காலை உணவு பரிமாறும் நேரம் அது. தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள், எத்தனை வகுப்புக்கு எத்தனை ஆசிரியர் என்று கேளுங்கள், கழிப்பறையைப் பாருங்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள். கட்டண ஆணை கிடைத்தால் அதன் நகலையும் அனுப்புங்கள், மனுவை நானே பார்த்துத் தருகிறேன்.

அதற்கு முன்னால் ரிட்டர்ன். ஜூலை 31.

அன்புடன்,
உங்கள் ஆடிட்டர்